அழுகிறவரிடம் ஸ்தோத்திரம் கேட்காதீர்கள்



இன்று கொஞ்சம் கடுமையாக எழுதப்போகிறேன். பொறுமையாக வாசியுங்கள்.

துக்க வீட்டுக்குப் போய், "அழாதே, ஸ்தோத்திரம் சொல்லு, அழுதால் விசுவாசக் குறைவு" என்று சொல்கிற பழக்கம் நம் ஜனங்களிடம் பெருகிவிட்டது. போன மாதம்கூட என் காதால் கேட்டேன். கணவனைப் பறிகொடுத்த சின்னப் பெண். மடியில் கைக்குழந்தை. யாரோ அப்படிச் சொன்னதும், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுகையை விழுங்கினாள். இது ஆறுதல் அல்ல, வாயைக் கட்டுவது.

இதற்கு ஆதாரமாகத் தெசலோனிக்கேயர் முதல் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தைக் காட்டுகிறார்கள். என்னிடம் இலக்கணம் படித்தவர்களே, வேற்றுமை உருபு நினைவிருக்கிறதா? அங்கே இருப்பது "எல்லாவற்றிலும்". அது ஏழாம் வேற்றுமை, இடப்பொருள். துன்பத்தின் நடுவிலும் தேவனை விட்டுவிடாதே என்பதே அதன் கருத்து. புருஷன் செத்ததற்காக நன்றி சொல் என்று அங்கே இல்லை. இன்னொன்று: 18-ஆம் வசனத்தை மனப்பாடமாகச் சொல்கிறவர்கள் அதே அதிகாரத்தின் 14-ஆம் வசனத்தை ஏன் தாண்டிப் போகிறீர்கள்? சோர்ந்தவரைத் தேற்றவும் பலவீனரைத் தாங்கவும் அல்லவா அங்கே கட்டளை இருக்கிறது?

"எபேசியர் நிருபத்தில் எல்லாவற்றிற்காகவும் என்று இருக்கிறதே, டீச்சர்?" என்று யாராவது கேட்பீர்கள். நல்ல கேள்வி. இருக்கிறது. ஆனால் அது ஒருவர் தம் உள்ளத்திலிருந்து தாமே தேவனுக்குச் செலுத்துவது. அடுத்தவர் தொண்டையிலிருந்து பிடுங்கி எடுப்பது அல்ல. அதை எழுதிய பவுலே, எப்பாப்பிரோதீத்து சாகக் கிடந்து பிழைத்தபோது என்ன எழுதினார்? அவன் இறந்திருந்தால் தமக்குத் துக்கத்தின்மேல் துக்கம் வந்திருக்கும் என்றார். பிலிப்பியர் இரண்டாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பவுலுக்கும் விசுவாசக் குறைவா?

லாசருவின் கல்லறையருகே இயேசு அழுதார். சில நிமிடங்களில் அவனை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் அழுதார். 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். 88-ஆம் சங்கீதம் கடைசி வரியிலும் வெளிச்சத்துக்கு வராமல் இருளிலேயே முடிகிறது. அதை வேதத்திலிருந்து யாரும் நீக்கவில்லையே!

அடுத்தது நம் சாட்சிகள். "பக்கத்து வீடெல்லாம் போயிற்று, எங்கள் வீட்டைக் கர்த்தர் காத்தார்" என்று மைக்கில் சொல்கிறோம். பக்கத்து வீட்டுக்காரர் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். 2004 டிசம்பர் 26, கிறிஸ்மஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணிக் கடற்கரையில் அலை கொண்டுபோனவர்களில் பலர் பிரார்த்தனைக்கு வந்த யாத்ரீகர்கள். அவர்களும் ஜெபித்தவர்கள்தானே? சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று இயேசு கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொன்னார். பிழைத்ததற்கு நன்றி சொல்லுங்கள், தவறில்லை. ஆனால் செத்தவர்களைப் படிக்கட்டாக்கி அதன்மேல் நின்று சொல்லாதீர்கள்.

துன்பத்தில் நன்றி சொல்ல முடியாதா? முடியும். ஜெர்மனியில் ஐலன்பர்க் என்ற ஊரில் மார்ட்டின் ரிங்கார்ட் என்ற போதகர் இருந்தார். முப்பதாண்டுப் போர்க் காலம். 1637-இல் கொள்ளைநோய் வந்தது. அந்த ஓராண்டில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அவர் அடக்கம் செய்தார். தம் மனைவியையும் அதே ஆண்டில் அடக்கம் செய்தார். பஞ்சத்தில் தம்மிடம் இருந்ததைப் பசித்தவர்களுக்குக் கொடுத்தார். உலகமெங்கும் சபைகள் இன்றும் பாடுகிற ஒரு நன்றிப் பாட்டு அவர் எழுதியது. அந்தப் பாட்டுக்கு ஏன் இவ்வளவு பலம்? குழியருகே நின்றவர் எழுதியது அது. குழியைப் பார்க்காதவர் கொடுத்த உபதேசம் அல்ல.

அதனால் பிள்ளைகளே, துக்க வீட்டுக்குப் போனால் யோபுவின் சிநேகிதரைப் பாருங்கள். ஏழு நாள் தரையில் அவனோடு பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை சரியாகத்தான் இருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் கெடுத்தார்கள். நீங்களும் பேசாமல் பக்கத்தில் உட்காருங்கள். முதல் வாரத்தோடு நின்றுவிடாமல், மூன்றாம் மாதமும் அரிசி கொண்டுபோங்கள். பிள்ளையின் பள்ளிக்கூடக் கட்டணத்தைச் சத்தமில்லாமல் கட்டுங்கள். வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா அலுவலகம் போகத் துணைக்குப் போங்கள்.

ஸ்தோத்திரம் அவர்கள் வாயிலிருந்து என்றாவது வரும். வருகிற நாளில் அது வரட்டும். வராவிட்டாலும் கர்த்தர் அவர்களைக் கைவிடமாட்டார். நாம் கைவிடாமல் இருக்கிறோமா என்பதுதான் இப்போது கேள்வி.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். வகுப்பில் போலவே பதில் சொல்வேன்.

உங்கள் டீச்சர்