நம் வீட்டை வரைந்தவர் யார்?

கட்டடக் கலைஞர் என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு இரட்டைக் கோபுரமே நினைவுக்கு வரும். அதை வரைந்தவர் அர்ஜென்டினாவில் பிறந்த சீசர் பெல்லி என்பது புதிர்ப் போட்டிக்குப் படித்த எவருக்கும் தெரியும். ஆனால், நாம் பிறந்து வளர்ந்த வீட்டை வரைந்தவர் யார் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? நமக்கெல்லாம் ஏது கட்டடக் கலைஞர் என்றுதான் இதுவரை இருந்து வந்திருக்கிறோம். அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் கோலா குபு பாருவைச் சேர்ந்தவன். எங்கள் ஊர் திட்டமிட்டுக் கட்டப்பட்ட ஊர். பழைய கோலா குபு 1883-இல் அணை உடைந்து அழிவைக் கண்டது. இன்றும் அவ்விடத்துக்கு ‘அம்பாங் பெச்சா’, அதாவது உடைந்த அணை என்றே பெயர். அதன்பின்னும் வெள்ளம் விடவில்லை. எனவே, 1920-களில் மேட்டு நிலத்தில் புதிய நகருக்குத் திட்டம் தீட்டினார்கள். அப்பொறுப்பை ஏற்றவர் நியூசிலாந்தில் பிறந்த சார்ல்ஸ் ரீட் என்ற அரசாங்க நகரத் திட்டமிடுநர். கடைத்தெரு ஓரிடம், குடியிருப்பு ஓரிடம், இடையில் பசும்புல் வெளி என்று அவர் வகுத்த பூங்கா நகரமே இன்றைய கோலா குபு பாரு. அதைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வார இறுதியில் வருகிறார்கள்.

ஆனால், ரீட் வரைந்த கோடு நகர எல்லையோடு நின்றுவிட்டது. அதற்கு அப்பால் ரப்பர்த் தோட்டங்கள். அங்கே துரைக்கு மேட்டில் பங்களா, கிராணிக்குத் தனி வீடு, பால்மரம் வெட்டியவர்களுக்கு வரிசை லயம். என் பாட்டி வாழ்ந்த லயம் இன்று இல்லை. அவ்விடத்தில் செம்பனை நிற்கிறது. தகரக் கூரை, பலகைச் சுவர், முன்னால் ஓர் அஞ்சடி. இவ்வளவுதான் அவ்வீடு. குறைந்த செலவில் அதிகம் பேரை அடைக்கும் கணக்கில் கட்டியது. அதைக் கட்டியவர்கள், அதில் வாழப்போகிறவர்களை ஒரு வார்த்தை கேட்டிருப்பார்களா?

இவ்வேளையில்தான் இலங்கையின் ஜெஃப்ரி பாவாவை நம் மாணவர்களுக்கு அறிமுகப்படுத்த விரும்புகிறேன். 1919-இல் கொழும்பில் வசதியான குடும்பத்தில் பிறந்த பாவா, முதலில் கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியமும் பிறகு சட்டமும் படித்து வழக்கறிஞரானவர். தொழிலில் மனம் ஒட்டவில்லை. 1948-இல் பெந்தோட்டைக்கு அருகே ஏரிக்கரையில் கைவிடப்பட்ட ஒரு ரப்பர்த் தோட்டத்தை வாங்கினார். அதுதான் லுனுகங்கா. அதைத் தோப்பும் புல்வெளியும் நீர்நிலையுமாக மாற்ற ஆசைப்பட்டபோதுதான், ஆசை மட்டும் போதாது, தொழில்நுட்பம் தெரிய வேண்டும் என்று உணர்ந்தார். மீண்டும் மாணவராகி இலண்டனில் படித்து, கட்டடக் கலைஞராகத் தேர்ச்சி பெற்ற ஆண்டு 1957. அப்போது அவருக்கு வயது 38! எஸ்.பி.எம். முடிந்த கையோடு வாழ்க்கையே முடிவாகிவிட்டது என்று கலங்கும் நம் தம்பி தங்கைகளுக்கு இந்த ஒரு செய்தியே போதும்.

பாவாவின் சிறப்பு என்ன? மேல்நாட்டுப் படிப்பைக் கற்றார். ஆனால், மேல்நாட்டுக் கண்ணாடிப் பெட்டிகளை வெயிலும் மழையும் கொட்டும் நாட்டில் கொண்டுவந்து நிறுத்தவில்லை. அகன்ற கூரை, ஆழமான தாழ்வாரம், நடுவே முற்றம், காற்று வந்துபோக வழி என நம் முன்னோர் அறிந்திருந்தவற்றைப் புதிய காலத்துக்கு ஏற்றபடி பயன்படுத்தினார். 1960-களின் தொடக்கத்தில் எனா டி சில்வா என்ற கலைஞருக்காகக் கொழும்பில் அவர் கட்டிய முற்றத்து வீடு, பின்னாளில் கல் கல்லாகப் பிரிக்கப்பட்டு லுனுகங்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு மீண்டும் எழுப்பப்பட்டது. ஒரு வீட்டுக்கு அத்தனை மதிப்பு!

அவர் செய்தவற்றுள் இரண்டு, லயத்தில் வேர்விட்ட நமக்கு மிக நெருக்கமானவை. ஒன்று கூரை. நெளிவுள்ள சிமெண்டுத் தகடுகளை அடியில் போட்டு, அவற்றின்மேல் நாட்டு ஓடுகளை அடுக்கும் முறையை அவருடைய அலுவலகம் கையாண்டது. தகடு மழையைத் தடுத்தது; ஓடு வெயிலைத் தாங்கியது. செலவோ பெரிதல்ல. வெறும் தகரத்தின் கீழ் நண்பகலில் வெந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். மற்றொன்று அவருடைய சொந்த வீடு. கொழும்பு 33-ஆம் ஒழுங்கையில் ஒரே வரிசையில் இருந்த நான்கு சிறு வீடுகளில் ஒன்றில் 1958-இல் வாடகைக்குக் குடியேறினார். மற்றவற்றையும் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு, சுவர்களைத் திறந்து, சிறுசிறு முற்றங்கள் வழியே ஒளி இறங்கும் ஒரே வீடாக்கினார். வரிசை வீடு என்பது தலையெழுத்தல்ல, கற்பனையுள்ளவன் கையில் அதுவும் மாறும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

1982-இல் திறக்கப்பட்ட கோட்டே நாடாளுமன்றம், தம்புள்ளைக்கு அருகே பாறையோடு ஒட்டிக் காட்டுக்குள் மறைந்து நிற்கும் கண்டலாமா விடுதி என்று அவர் புகழ் வளர்ந்தது. 2001-இல் ஆகா கான் கட்டடக்கலை விருதுக் குழு அவருக்குத் தலைவர் விருதை வழங்கியது. 2003-இல் மறைந்தார். இங்கே நாம் மறக்கக்கூடாத பெயர் ஒன்று உண்டு. 1967 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு மேல் பாவாவின் தொழிற்பங்காளியாக இருந்தவர் பூலோகசுந்தரம் என்ற தமிழ்ப் பொறியியலாளர். பாவா மனத்தில் கண்டதை மண்ணில் நிற்க வைத்த பணியில் அவருக்குப் பெரும் பங்குண்டு. புகழ் ஒருவருக்குச் சேர்ந்தது, உழைப்பு பலருடையது.

பாவா பணக்காரர்களுக்குத்தானே கட்டினார் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர் கட்டியவற்றில் பெரும்பாலானவை செல்வர் வீடுகளும் உல்லாச விடுதிகளுமே. பொலொன்தலாவை என்ற தோட்டத்தில், பெரும் பாறைகளுக்கு இடையிலேயே கயிறு கட்டி அளந்து அவரும் அவருடைய டென்மார்க் நண்பர் உல்ரிக் பிளெஸ்னரும் 1960-களில் எழுப்பிய வீடு உலகப் புகழ் பெற்றது. அது யாருடைய வீடு? தோட்ட நிர்வாகியின் வீடு! அங்கும் மேட்டுப் பங்களாவுக்கே கலைஞன் கிடைத்தான். இதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால், காற்றும் நிழலும் பணக்காரருக்கு மட்டும் உரியவை அல்லவே. பங்களாவுக்குக் கிடைத்த சிந்தனையில் ஒரு பங்கு லயத்துக்கும் கிடைத்திருந்தால் என்ன குறைந்திருக்கும்?

இது பழங்கதையும் அல்ல. எங்கள் வட்டாரத்தில் புக்கிட் தாகார், நைஜல் கார்ட்னர், மேரி, சுங்கை திங்கி, மின்யாக் தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் சொந்த வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கு மேல் போராடியதை நாடறியும். வீடு கிடைப்பதே பெரும்பாடாக இருக்கும்போது முற்றத்தையும் தாழ்வாரத்தையும் பற்றிப் பேசுவது வீண் ஆடம்பரம் என்று சிலர் நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. தோட்டத்தை விட்டு அடுக்குமாடிக்குப் போன முதியவர்களைப் பாருங்கள். கதவைத் திறந்தால் இருட்டு நடைபாதை. மாலையில் உட்கார இடமில்லை. அண்டை வீட்டாரிடம் பேச இடமில்லை. அஞ்சடி வெறும் ஐந்தடி அகலச் சிமெண்டுத் தரை அன்று. பூக்கட்டியது அங்கே, பிள்ளைக்குச் சோறூட்டியது அங்கே, பஞ்சாயத்து நடந்தது அங்கே. அதைப் பறித்த பிறகு கூரையும் சுவரும் கொடுத்தாலும் அது பாதி வீடுதான்.

மொழிக் கழகத்தார் இதில் அக்கறை கொள்ள இன்னொரு காரணமும் உண்டு. திண்ணை, முற்றம், தாழ்வாரம், அஞ்சடி ஆகிய சொற்கள் அகராதியால் மட்டும் வாழ்வதில்லை. திண்ணை இல்லாத வீட்டில் வளரும் பிள்ளைக்குத் திண்ணை என்பது தேர்வுக்கான சொல். தமிழ்ப்பள்ளியில் படித்தபோது எனக்கும் ‘முற்றம்’ படத்தில் பார்த்த பொருள்தான். ‘அஞ்சடி’ மட்டுமே உடம்பில் பட்ட சொல். பொருள் போனால் சொல்லும் போகும்.

எனவே நண்பர்களே, என் வேண்டுகோள் மூன்று. மருத்துவம், சட்டம் என்று மட்டுமே சிந்திக்கும் நம் வீடுகளில் கட்டடக்கலையையும் ஒரு படிப்பாக எடுத்துச் சொல்லுங்கள். படிப்பு நீண்டது, செலவும் உண்டு. ஆயினும் நம் பிள்ளைகளால் முடியாததல்ல. அடுத்து, நம் குடும்பங்களுக்கு வீட்டுத் திட்டம் வரும்போது விலையோடு வரைபடத்தையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். சன்னல் எந்தப் பக்கம், காற்று எவ்வழி, முதியவர் எங்கே உட்காருவார் என்று கையெழுத்திடுவதற்கு முன் கேளுங்கள். மூன்றாவது, நம் கழகத்துக்கு. வட சிலாங்கூரில் எஞ்சி நிற்கும் லயங்கள் இன்னும் சில ஆண்டுகள்தான் இருக்கும். விடுமுறையில் அளவு நாடாவும் தாளும் எடுத்துக்கொண்டு போவோம். ஒவ்வொரு வீட்டையும் அளந்து வரைவோம். அங்கு வாழ்ந்தவர்கள் அதன் ஒவ்வொரு பகுதிக்கும் வைத்திருந்த பெயரை அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதுவோம்.

லயத்தை வரைந்தவர் யாரென்று நமக்குத் தெரியாமல் போனது. இனி கட்டப்படும் வீடுகளை வரைபவர்களில் நம்மவரும் இருக்கட்டும்.