அகதிக் குழந்தைகளும் தலைவிதியும்

மியான்மர் என்று பெயர் மாற்றிக்கொண்ட பர்மாவைவிட்டு ஓடிவந்து, வங்காள தேசத்துக் காக்ஸ் பஜார் முகாம்களில் அடைபட்டுக் கிடக்கும் ரோஹிங்கியாக் குழந்தைகளைப் பற்றிப் பேச்செடுத்தால், நம் ஜனங்களில் பலர் “அது அதுகள் தலைவிதி” என்பதாகச் சொல்லி முடித்துவிடுகின்றார்கள்.

இந்தத் தலைவிதியை எழுதியது யார் என்று கேட்கின்றோம். 1982-ல் ஒரு சட்டம் செய்து இவர்களது பிரஜா உரிமைக்கு உலை வைத்தது பர்மா சர்க்கார். 2017 ஆகஸ்டு முதல் ஊர்களைக் கொளுத்தி, 7 லட்சம் பேருக்கு மேல் எல்லை தாண்டி ஓடச் செய்தது அந்நாட்டுப் பட்டாளம். அதற்கு முன் வருஷக்கணக்காய்த் துவேஷம் ஊட்டியவர்களில், எறும்புக்கும் தீங்கு நினையாதே என்னும் மதத்தின் துவராடை உடுத்த பிக்ஷுக்களும் உண்டு. இதில் பிரம்மாவின் எழுத்தாணிக்கு என்ன வேலை?

ஓடிவந்தவர்களில் பாதிக்கு மேல் குழந்தைகள். தகப்பனை வெட்டியதைக் கண்ணால் கண்ட பிள்ளை இரவில் அலறும்; பாயை நனைக்கும்; பேச்சற்றுப் போகும். இது பயத்தினால் மனதில் உண்டான காயம். இதை ‘ஜின் பிடித்தது’ என்று மந்திரிப்பவர்கள் அங்கும் உண்டு. (நம்மூர்ப் பேயோட்டியின் வேப்பிலைக்கு அது தம்பிதான், ஆதலால் அதைப் பார்த்துச் சிரிக்க நமக்கு யோக்கியதை இல்லை.) அப்பிள்ளைக்கு வேண்டியதெல்லாம் தினமும் ஒரே நேரத்தில் போய் உட்கார ஓர் இடம், கூடி விளையாடச் சிநேகிதர்கள், கையோங்காத ஒரு பெரியவர், இவ்வளவுதான்.

முகாமில் அந்த இடமாயிருந்தது மூங்கில் பள்ளிக்கொட்டகை. அதையும் விட்டார்களா? 2021 டிசம்பரில், அகதிகள் தாங்களே நடத்திவந்த பள்ளிகளை மூடும்படி வங்காள தேச அதிகாரிகள் உத்தரவிட்டார்கள். 2025 ஜூனில் உதவிப் பணம் வற்றிப்போய், யுனிசெப் ஸ்தாபனம் சுமார் 2,30,000 பிள்ளைகளின் படிப்பை நிறுத்திவைக்க நேர்ந்தது. பணத்தை வெட்டியவை அமெரிக்கா முதலான செல்வ தேசங்கள். அத்தேசங்களில் பீரங்கிக்குப் பஞ்சம் வந்ததாக எவரும் சொல்லக் காணோம்!

கொட்டகை பூட்டப்பட்டால் பையன் கூலிக்குப் போவான். அல்லது முகாமுக்குள் திரியும் ஆயுதக் கூட்டத்தார் கையில் சிக்குவான். பெண்ணையோ, “வைத்துக் காப்பாற்ற முடியாது” என்று 18 வயது நிரம்புமுன்னமே எவனுக்காவது கட்டிவைத்துவிடுவார்கள். காப்பாற்றுவதாம் இது! பெற்றோரைக் கொடியவர்கள் என்று நாம் சொல்லவில்லை. முள்வேலிக்குள், உழைத்துப் பிழைக்கவும் இடமின்றி, ரேஷன் அரிசியை எதிர்பார்த்துக் கிடப்பவனுக்கு வேறு என்ன வழியை வைத்தார்கள்?

1989-ல் ஏற்பட்ட குழந்தை உரிமை உடன்படிக்கையின் 22-வது ஷரத்து, அகதிக் குழந்தைக்குப் பாதுகாப்பும் உதவியும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்கின்றது. 1990-லேயே வங்காள தேசம் அதை ஏற்றுக்கொண்டிருக்கின்றது. அகதிகள் தாங்களாகவே நடத்திய பள்ளிகளை விட்டுவைத்திருந்தால், அந்தச் சர்க்காருக்கு ஒரு காசாவது செலவாகியிருக்குமா?