044-க்கு முன்னால் 91

காஞ்சிபுரத்துக்கு ஒரு காலத்தில் 04112 என்று தனி எஸ்.டி.டி. கோடு இருந்தது. பிறகு சென்னையின் 044-லேயே ஊரைச் சேர்த்துவிட்டார்கள். பட்டுக்கடைப் பைகளிலும் கூட்டுறவுச் சங்க ரசீதுகளிலும் அந்த 044-ஐப் போட்டு, அடுத்து 27-இல் தொடங்கும் எட்டு இலக்கங்களை அச்சடிப்பதுதான் வழக்கம். உள்நாட்டுக்கு அது போதும்.

ஆனால் காஞ்சிப் பட்டு உள்நாட்டோடு நிற்கவில்லை. கோலாலம்பூரிலோ லண்டனிலோ கல்யாணம் நிச்சயமானால், முகூர்த்தப் புடவைக்குத் தமிழ்க் குடும்பங்கள் இந்த ஊரைத்தான் நினைக்கின்றன. ரசீதைப் பார்த்து அங்கிருந்து அழைப்பவர், முதல் சைபரை நீக்கி முன்னால் கூட்டல் குறி போட்டால் என்ன ஆகும்? +44 பிரிட்டனின் குறியீடு. அழைப்பு காஞ்சிக்கு வரவே வராது.

இதற்குத் தீர்வு என்றோ வகுக்கப்பட்டுவிட்டது. ஐ.நா.வின் அங்கமான சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் இ.164, இ.123 என்று இரண்டு பரிந்துரைகளை வைத்திருக்கிறது. நாட்டுக் குறியீட்டையும் சேர்த்து ஓர் எண் 15 இலக்கங்களைத் தாண்டக் கூடாது என்பது முதலாவது. அதை எப்படி எழுதுவது என்று சொல்வது இரண்டாவது: கூட்டல் குறி, நாட்டுக் குறியீடு, சைபர் இல்லாத ஊர்க் குறியீடு, பிறகு உள்ளூர் எண்; நடுவே இடைவெளி. காஞ்சிக்கு +91 44 27 என்று தொடங்கும்.

அந்தக் கூட்டல் குறி அலங்காரம் அல்ல. வெளிநாட்டு அழைப்புக்கு அமெரிக்காவில் 011, மலேசியாவில் 00, ஆஸ்திரேலியாவில் 0011 போட வேண்டும். செல்போனில் + அழுத்தினால், எந்த நாட்டில் இருந்தாலும் அந்த வேலையை அதுவே பார்த்துக்கொள்கிறது.

சிலர் +91 (0)44 என்று அடைப்புக்குறிக்குள் சைபரை வைக்கிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் புதியவருக்கு அந்தச் சைபரை அழுத்துவதா விடுவதா என்று தெரியாது. சர்வதேச வடிவத்தில் அடைப்புக்குறியே கூடாது என்கிறது இ.123. 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து செல்போனை அழைக்க முன்னால் சைபர் சேர்க்க வேண்டும் என்று விதி வந்தது. அந்தச் சைபரும் உள்நாட்டுக்கு மட்டுமே. +91-க்குப் பின்னால் அதற்கு இடமில்லை.

இன்று கரையும் முந்தியும் வாட்ஸ்அப் படமாகப் போய்தான் ஆர்டர் உறுதியாகிறது. நாட்டுக் குறியீடு இல்லாத எண்ணை வெளிநாட்டு வாடிக்கையாளர் சேமித்து வைத்தால், வாட்ஸ்அப்பில் நெசவாளர் அகப்படுவதில்லை. தறியில் பல நாள் உட்கார்ந்து கோர்வை போட்டவரின் வியாபாரம் இரண்டு இலக்கங்களுக்காகத் தவறிப்போவது அநியாயம்.

கைத்தறித் துறை சங்கங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். ஏகாம்பரநாதர், வரதராஜர் கோயில்களின் அறிவிப்புப் பலகைகளுக்கு அறநிலையத் துறையும் அதையே செய்யலாம். புதிய செலவு எதுவும் இல்லை. அடுத்த முறை ரசீதுப் புத்தகம் அச்சுக்குப் போகும்போது ஒரு வரியைத் திருத்திக் கொடுத்தால் சரி.