சிறை வாசலுக்குப் போகாத சுதந்திரம்

தோற்கப் போவது உறுதி என்று எல்லோருக்கும் தெரிந்த வேட்பாளருக்குத்தான் உத்தி சொல்ல ஆட்கள் அதிகம். அமெரிக்காவில் அதிபர் தேர்தலுக்கான உட்கட்சிப் போட்டி தொடங்கியதும், குடியரசுக் கட்சியில் லிபர்ட்டேரியன் சாய்வு கொண்ட ஒருவர் வந்து நிற்பார். தொலைக்காட்சிகள் அவரைக் கண்டுகொள்ளாது. உடனே அவருடைய ஆதரவாளர்களிடையே பழைய பஞ்சாயத்து கூடும். கட்சிக்குள் இருந்தே போராடுவதா, ஒரே மாநிலத்தில் மொத்த பலத்தையும் இறக்குவதா, தன்னைவிடப் பெயர் தெரிந்த இன்னொருவருக்கு வழிவிடுவதா, மூன்றாவது கட்சிக்குத் தாவுவதா? இந்த விவாதங்களை நிறையவே படித்திருக்கிறேன். அவற்றில் அநேகமாக யாருமே கேட்காத கேள்வி ஒன்று உண்டு. அரசு யாருடைய சுதந்திரத்தை அதிகமாகப் பறித்து வைத்திருக்கிறதோ, அந்த மக்கள் ஏன் இந்தக் கூட்டத்தில் இல்லை?

லிபர்ட்டேரியன் என்றால் யார் என்று கேட்கும் தோழர்களுக்குச் சுருக்கமாக: அரசு ராணுவம், காவல்துறை, நீதிமன்றத்தோடு நின்றுகொள்ள வேண்டும், மற்றதைச் சந்தையும் தனிமனிதரும் பார்த்துக்கொள்வார்கள் என்பவர்கள். நம் பல்கலைக்கழக வளாகங்களிலும் இந்தக் குரல் கேட்கிறது. இட ஒதுக்கீடு தகுதிக்கு எதிரானது என்ற பழைய பல்லவி சலித்துப் போனதால், அது தனிமனித சுதந்திரத்துக்கு எதிரானது என்று புதுச் சட்டை மாட்டிக்கொண்டு வருகிறார்கள். அந்தச் சட்டை தைக்கப்பட்ட இடத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

2011 ஏப்ரலில் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் போட்டியில் இறங்கியவர் கேரி ஜான்சன். நியூ மெக்சிகோவில் 1995 முதல் 2003 வரை இரண்டு முறை ஆளுநராக இருந்தவர். ஜனநாயகக் கட்சியினர் அதிகமுள்ள மாநிலத்தில் இரு முறையும் வென்றவர். சட்டமன்றம் நிறைவேற்றிய 700க்கும் மேற்பட்ட மசோதாக்களைத் திருப்பி அனுப்பியவர். 1999இல், பதவியில் இருக்கும்போதே, கஞ்சாவைச் சட்டபூர்வமாக்க வேண்டும், போதைப்பொருள் மீதான போர் தோற்றுவிட்டது என்று வெளிப்படையாகச் சொன்னார். அன்றைய அமெரிக்காவில் அவ்வளவு பெரிய பதவியில் இருந்த எவரும் அதைச் சொல்லத் துணிந்ததில்லை. இந்த நேர்மைக்கு என் மரியாதை உண்டு.

ஆனால் அதே ஆளுநர்தான் சிறைகளைத் தனியார் நிறுவனத்தின் கையில் கொடுத்தார். 1999 ஆகஸ்டில் சான்டா ரோசாவிலிருந்த தனியார் சிறையில் கலவரம் வெடித்து ஒரு காவலர் கொல்லப்பட்டார். கஞ்சாவுக்காக ஒருவரை அடைப்பது தவறு என்பார். அடைத்து வைப்பதைத் தொழிலாக்கி லாபம் பார்ப்பது தவறில்லை என்பார்.

போட்டியில் என்ன நடந்தது? விவாத மேடை ஏற வேண்டுமானால் கருத்துக்கணிப்பில் குறைந்தபட்ச விழுக்காடு வேண்டும். பல கருத்துக்கணிப்புகளிலோ அவர் பெயரே இல்லை. பட்டியலில் பெயர் இல்லாதவனுக்கு விழுக்காடு எங்கிருந்து வரும்? பட்டியலில் பெயர் ஏறாமல் போவது என்னவென்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே இந்த இடத்தில் ஜான்சன் மீது எனக்குப் பரிவு வருகிறது. மே மாதம் ஒரு விவாதம், செப்டம்பரில் ஒரு விவாதம், பெரிய மேடைகளில் அவருக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

அந்தச் செப்டம்பர் விவாதம் நடந்த தேதியைக் கவனியுங்கள்: 2011 செப்டம்பர் 22, ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோ. அதற்கு முந்தைய இரவுதான் பக்கத்து மாநிலமான ஜார்ஜியாவில் ட்ராய் டேவிஸ் என்ற கறுப்பினத்தவருக்கு விஷ ஊசி போட்டு மரண தண்டனை நிறைவேற்றினார்கள். அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னவர்களில் பெரும்பாலோர் பின்னாளில் தம் சாட்சியத்தைத் திரும்பப் பெற்றிருந்தனர். உலகமே நிறுத்தச் சொல்லிக் கெஞ்சிய தண்டனை அது. ஜான்சனோ, நிரபராதி சாகக்கூடும் என்பதற்காகவே மரண தண்டனை பற்றிய தன் பழைய நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டவர். அரசு ஒரு மனிதனின் உயிரை எடுப்பதைவிடப் பெரிய அரசுத் தலையீடு என்ன இருக்கிறது? நான்கு மாதம் தவம் கிடந்து வாங்கிய மேடையில் அவர் விட்டுச் சென்ற நினைவு ஒரு நகைச்சுவை. ஒபாமா அரசைவிடத் தன் பக்கத்து வீட்டு நாய்கள் இரண்டும் உடனடி வேலைகளை அதிகமாக உருவாக்கியிருக்கின்றன என்றார். அரங்கம் சிரித்தது. அதே அரங்கில்தான் ஈராக்கிலிருந்து காணொளியில் கேள்வி கேட்ட தற்பாலீர்ப்பு ராணுவ வீரரைப் பார்த்துச் சிலர் கூச்சலிட்டார்கள். மேடையில் வரிசையாக நின்ற ஒருவரும் அந்த நேரத்தில் அதைக் கண்டிக்கவில்லை. தனிமனித சுதந்திரத்தின் வேட்பாளரும் அந்த வரிசையில்தான் நின்றார்.

பிறகு நடந்தவை உத்தியாளர்களுக்குப் பிடித்தமான பகுதி. டிசம்பர் 28ஆம் தேதி ஜான்சன் குடியரசுக் கட்சிப் போட்டியிலிருந்து விலகி லிபர்ட்டேரியன் கட்சிக்குப் போனார். போகும்போது, அயோவா மாநிலத்தில் ரான் பாலுக்கு வாக்களியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். மிச்சிகனில், உட்கட்சித் தேர்தல் பட்டியலிலிருந்து விலகும் மனு மூன்று நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்ததால், ஒரு கட்சியில் தோற்றவர் இன்னொரு கட்சியில் நிற்கக் கூடாது என்ற சட்டத்தைக் காட்டிப் பொதுத்தேர்தலில் அவர் பெயரையே சேர்க்கவில்லை. 2012 நவம்பரில் நாடு முழுக்க அவர் பெற்றது சுமார் 12.75 லட்சம் வாக்குகள், ஏறக்குறைய 1 விழுக்காடு.

உள்ளேயே நின்று போராடிய ரான் பாலுக்கு மட்டும் என்ன வாழ்ந்தது? அயோவாவில் 21 விழுக்காட்டோடு மூன்றாம் இடம். ஆனால் அவருடைய தொண்டர்கள் ஊர்க்கூட்டம், மாவட்டக் கூட்டம், மாநில மாநாடு என்று ஒவ்வொரு படியிலும் கடைசிவரை உட்கார்ந்திருந்து பேராளர் இடங்களைப் பிடித்தார்கள். தம்பா மாநாட்டில் அயோவாவின் 28 பேராளர்களில் 22 பேர் அவருக்கு வாக்களித்தனர். அமைப்பு வேலை என்றால் அப்படி இருக்க வேண்டும், எதிரியிடமிருந்தும் கற்கலாம். கட்சித் தலைமை என்ன செய்தது? வேட்பாளர் பெயரை முன்மொழிய எட்டு மாநிலங்களின் பெரும்பான்மை வேண்டும் என்று விதியைத் திருத்தியது. மெய்ன் மாநிலத்திலிருந்து வந்த பேராளர்களில் பாதிப் பேரை வெளியேற்றியது. ஆட்டத்தை ஒழுங்காகக் கற்றுக்கொண்டு வந்தவனுக்கு ஆட்ட விதியையே மாற்றுவது உலகெங்கும் உள்ள பழக்கம்தான்.

ஆக உள்ளே இருந்தாலும் அடைப்பு, வெளியே போனாலும் அடைப்பு. மிச்சமிருந்த ஒரே பாதையில் எந்தத் தொலைக்காட்சியும் கட்சிச் செயலாளரும் குறுக்கே நிற்கவில்லை. தென் கரோலினாவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே வாக்காளர்கள் கட்சி வாரியாகப் பதிவு செய்வதில்லை. யார் வேண்டுமானாலும் குடியரசுக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். 2012இல் ஜனநாயகக் கட்சியில் ஒபாமாவை எதிர்த்து உருப்படியாக யாரும் இல்லை. ஆகவே கறுப்பின வாக்காளர் ஒருவர் இந்தப் பக்கம் வந்து வாக்களித்தால் அவருக்கு இழப்பு எதுவுமில்லை. மாநில மக்கள்தொகையில் அவர்கள் நான்கில் ஒரு பங்குக்கும் மேல். 1986 சட்டம், கறுப்பினத்தவர் வட்டாரங்களில் புழங்கிய கிராக் கொக்கைனுக்கும் பணக்காரர் பயன்படுத்திய தூள் கொக்கைனுக்கும் 1க்கு 100 என்ற அளவில் தண்டனை வைத்திருந்தது. 2010இல்தான் அது 18 ஆகக் குறைந்தது. கஞ்சா வைத்திருந்ததற்காகக் கைதாகும் வாய்ப்பு வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவருக்கு 3.73 மடங்கு என்று அமெரிக்கக் குடியுரிமை ஒன்றியம் 2013இல் கணக்குக் காட்டியது. மகன் சிறையிலிருக்கும் தாய்மார்கள் உள்ள ஒவ்வொரு தேவாலயத்துக்கும் போய், இந்தப் போரை நிறுத்துவேன் என்று சொல்லக்கூடிய ஒரே முன்னாள் ஆளுநர் அந்தப் போட்டியில் இவர்தான். வென்றிருப்பாரா? இல்லை. ஆனால் சிறைக்கு எதிரான ஒரு கூட்டணிக்கு விதை விழுந்திருக்கும். அவரோ வெள்ளையர்கள் நிறைந்த நியூ ஹாம்ப்ஷையரில் மாதக்கணக்கில் வலம் வந்தார். (தென் கரோலினா வாக்குச்சீட்டில், விலகிய பிறகும் அவர் பெயர் இருந்தது. அங்கே ஸ்டீபன் கோல்பேர் என்ற நகைச்சுவையாளர் வேடிக்கைக்காகப் பிரச்சாரம் செய்ததில், அவரைப் போலவே விலகிவிட்ட ஹெர்மன் கெய்னுக்கு 6,000க்கும் மேல் வாக்கு விழுந்தது. ஜான்சனுக்குச் சில நூறு.)

ஏன் போகவில்லை? அவருடைய தனிப்பட்ட குணத்தில் விடை இல்லை. அந்த முகாம் இருபது ஆண்டுகளுக்கு முன்பே வேறொரு உத்தியைத் தேர்ந்துவிட்டது. 1992 ஜனவரியில் லிபர்ட்டேரியன் சிந்தனையாளர் முரே ராத்பார்ட் ஒரு கட்டுரை எழுதினார். குக்ளக்ஸ் கிளானின் முன்னாள் தலைவர் டேவிட் டியூக் லூசியானாவில் வெள்ளையர் வாக்குகளைக் குவித்ததைப் பார்த்து, அவருடைய திட்டத்தில் நாம் ஏற்க முடியாதது என்ன இருக்கிறது என்ற தொனியில் எழுதினார். கோபத்திலிருக்கும் வெள்ளை உழைக்கும் மக்களையும் நடுத்தர மக்களையும் திரட்டுவதே வழி என்றார். அந்தத் திட்டத்தில் காவல்துறையை அவிழ்த்துவிட வேண்டும், தெருவிலேயே தண்டனை வழங்க விட வேண்டும் என்பதும் ஒன்று. அரசே கூடாது என்றவர் எழுதியது இது! வரி வசூலிக்க வரும் அதிகாரி கொடுங்கோலன்; தடியோடு வரும் போலீஸ்காரன் மட்டும் விடுதலை வீரனா? ரான் பால் பெயரில் அந்தக் காலத்தில் வெளியான செய்தி மடல்களில் கறுப்பினத்தவரைப் பற்றி அச்சிட்ட இழிமொழிகளை நான் இங்கே எடுத்தெழுத மாட்டேன். தான் எழுதவில்லை என்றார் அவர். இருக்கட்டும், பெயரும் சந்தா வருமானமும் அவருடையவை.

இதற்கும் அடியில் இருப்பது சொத்து. 1960 பிப்ரவரி 1 அன்று வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் நான்கு கறுப்பின மாணவர்கள் வுல்வொர்த் கடையின் உணவு மேசையில் போய் உட்கார்ந்தார்கள். கடை அவர்களுக்குப் பரிமாறவில்லை. உள்ளூர் வழக்கம் என்று காரணம் சொன்னது. கடை தன்னுடையது, யாருக்குப் பரிமாறுவது என்பது தன் சுதந்திரம் என்ற அந்த வாதத்தை 1964 குடியுரிமைச் சட்டம் முறித்தது. அந்தச் சட்டத்தின் 40ஆம் ஆண்டைப் பாராட்டும் தீர்மானத்தை 2004இல் நாடாளுமன்றத்தில் எதிர்த்து வாக்களித்தவர் ரான் பால். அவர் சொன்ன காரணம், சொத்துரிமை.

நமக்கு இது பழகிய வாதம். இரட்டைக் குவளையை வைக்கச் சொல்லி எந்தச் சட்டமும் டீக்கடைக்காரருக்கு உத்தரவிடவில்லை. அரசு தலையிடாத இடத்தில்தான் அது செழித்தது. அம்பேத்கர் 1947இல் ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ அறிக்கையில் எழுப்பியது இந்தச் சிக்கலைத்தான்: அரசு ஒதுங்கிக்கொண்டால் கிடைக்கும் சுதந்திரம் யார் கைக்குப் போய்ச் சேரும்? நிலமும் ஆலையும் வைத்திருப்பவர் கைக்குத்தான். நம் அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு, கடைக்கும் உணவகத்துக்கும் கிணற்றுக்கும் போவதைச் சாதியின் பெயரால் யாரும் தடுக்க முடியாது என்று தனியாரையும் சேர்த்தே கட்டியது. அமெரிக்கச் சட்டத்துக்கு 14 ஆண்டுகள் மூத்தது அது.

ரேண்ட் பால் கொஞ்சம் முயன்றார் என்று சொல்வார்கள். 2013இல் கறுப்பின மாணவர்களின் ஹாவர்டு பல்கலைக்கழகத்துக்குப் போனார். கறுப்பினத்தவர் முன்னேற்றச் சங்கத்தைத் தொடங்கியவர்கள் குடியரசுக் கட்சியினர் என்பது உங்களுக்குத் தெரியுமா என்று அந்த மாணவர்களிடமே கேட்டார். தெரியும் என்று சிரித்தார்கள். குடியுரிமைச் சட்டத்தை நான் எப்போதும் எதிர்த்ததில்லை என்றார். 2010இல் தொலைக்காட்சியில் அவர் தனியார் கடைகள் பற்றித் தடுமாறியதை எல்லோரும் பார்த்திருந்தார்கள். 2016 அயோவாவில் 4.5 விழுக்காடு, இரண்டு நாளில் போட்டியை விட்டே விலகினார்.

அதே 2016இன் மே மாதம், மறுபடியும் ஆர்லாண்டோ. லிபர்ட்டேரியன் கட்சியின் மாநாடு. 1964 குடியுரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டிருப்பீர்களா என்று வேட்பாளர்களிடம் கேள்வி. போட்டிருப்பேன் என்றார் கேரி ஜான்சன். சொந்தக் கட்சி அரங்கம் அவரைப் பார்த்துக் கூச்சலிட்டது. வேட்பாளரை அவர்கள் மறுநாள் தேர்ந்தெடுத்தார்கள்தான். சுமார் 45 லட்சம் வாக்குகள், 3 விழுக்காட்டுக்குச் சற்று மேல், அந்தக் கட்சியின் வரலாற்றிலேயே அதிகம். ஆனால் தாய்மார்கள் காத்திருக்கும் தேவாலயத்துக்கு இந்த அரங்கத்தைக் கூட்டிக்கொண்டு எப்படிப் போவது?

2022இல் ரீனோ நகரில் கூடிய மாநாட்டில், ராத்பார்ட் வழிவந்த குழு கட்சியைக் கைப்பற்றியது. வெறுப்பைக் கண்டிக்கிறோம் என்று கட்சித் திட்டத்தில் இருந்த வாசகத்தை நீக்கியது. 2024 மே மாதம் டொனால்டு டிரம்பையே மாநாட்டு மேடைக்கு அழைத்தார்கள். போதைப்பொருள் விற்பவர்களுக்கு மரண தண்டனை என்று கூட்டத்துக்குக் கூட்டம் முழங்கியவர் அவர். பேச்சின் பெரும்பகுதிக்கு எதிர்ப்புக் கூச்சல்தான். இணையத்தில் போதைப்பொருள் சந்தை நடத்தி ஆயுள் தண்டனை பெற்ற ராஸ் உல்பிரிக்டை விடுவிப்பேன் என்று அவர் சொன்னபோது மட்டும் அரங்கம் ஆர்ப்பரித்தது. 2025 ஜனவரியில் உல்பிரிக்ட் விடுதலையானார்.