பழத்தின் ருசிக்கு நாமும் பொறுப்பு



மண்டியில் ஒரு பழப் பெட்டியைப் பிரித்ததும் நாம் என்ன பார்க்கிறோம்? பருமன், நிறம், கெட்டித்தன்மை, எத்தனை நாள் தாங்கும் என்பது. ஒரு பழத்தை எடுத்து வாயில் போட்டுப் பார்ப்பவர் நம்மில் எத்தனை பேர்? புதிய ரகங்களை உருவாக்கும் விஞ்ஞானிகள் பெரும்பாலும் சந்தை எதற்கு விலை கொடுக்கிறதோ அதைத்தான் தேடுகிறார்கள். ஆகவே இந்தக் கேள்வி நமக்கும் உரியது.

இன்று பெரிய ஊர்ப் பழக்கடைகளில் சிறு பெட்டிகளில் விற்கும் புளூபெர்ரியை எடுத்துக்கொள்வோம். 1900-ஆம் ஆண்டுவாக்கில் அமெரிக்காவில் அது காட்டில் பறிக்கும் பழம். தோட்டப் பயிராகாது என்றே நம்பினார்கள். அதற்கு அமில மண் வேண்டும் என்பதைப் பிரெடரிக் கோவில் என்ற தாவரவியலாளர் சோதித்தறிந்து 1910-இல் வெளியிட்டார். அதைப் படித்த எலிசபெத் ஒயிட் என்ற பெண்மணி, நியூ ஜெர்சியில் தம் குடும்பத்துக்கு இருந்த தோட்டத்தைச் சோதனைக்குத் தர 1911-இல் முன்வந்தார்.

அந்த அம்மையார் காட்டில் பழம் பறிப்பவர்களிடம் 5/8 அங்குலத் துளையுள்ள அளவுத் தகட்டைக் கொடுத்தார். அந்தத் துளையில் விழாத பருத்த பழம் காய்க்கும் செடியைக் காட்டுபவருக்குப் பணம்; செடிக்கும் அவர் பெயரே. ரூப் லீக் என்பவர் காட்டிய செடிக்கு மட்டும், லீக் என்றால் வெங்காய வாடை வருகிறதே என்று ‘ரூபெல்’ எனப் பெயரிட்டார். 1916-இல் தோட்டத்துப் பழம் விற்பனைக்கு வந்தது. நல்ல செடிகளை ஒன்றோடொன்று கலந்து உருவாக்கிய ‘பயனியர்’ ரகம் 1920-இல் வெளிவந்தது. படித்தவரின் அறிவும் பறிப்பவரின் கண்ணும் சேர்ந்ததால் வந்த பலன் இது.

பிறகு புளோரிடாவில், அங்கே காட்டில் வளரும் இனத்தோடு கலந்து, அதிகக் குளிர் தேவைப்படாத ‘ஷார்ப்புளூ’ ரகத்தை 1976-இல் வெளியிட்டார்கள். மிசிசிப்பியிலிருந்து 1998-இல் ‘பிலாக்ஸி’ வந்தது. இத்தகைய ரகங்களை நட்டுத்தான் பெரு நாடு இன்று புளூபெர்ரி ஏற்றுமதியில் முன்னணியில் நிற்கிறது. ஒரு செடியின் குணத்தை மாற்றியதில் ஒரு வியாபாரமே இடம் மாறிவிட்டது.

சரக்கு தாங்குவதற்கும் ஆராய்ச்சி உதவியது. காம்பு கழன்ற இடம் சிறிதாகவும் உலர்ந்தும் இருந்தால் பூஞ்சை எளிதில் பிடிக்காது. அப்படிப்பட்ட செடிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். சேதாரம் குறைவது நமக்கு லாபம்தான், மறுக்கவில்லை.

ஆனால் தக்காளியில் நடந்ததை மறக்கலாகாது. தாவரவியல் கணக்கில் தக்காளியும் பெர்ரி வகைக் கனியே. காய் முழுவதும் ஒரே சீராக வெளிர்பச்சையாக இருந்து, ஒரே சீராகப் பழுக்கும் ரகங்களைப் பல பத்தாண்டுகளாகத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த மாற்றம், பழத்தில் சர்க்கரை சேர உதவும் ஒரு மரபணுவைச் செயலிழக்கச் செய்திருந்தது என்பது 2012-இல்தான் வெளியானது. கண்ணுக்கு அழகு கூடியது. நாக்குக்கு ருசி குறைந்தது.

இதில் விஞ்ஞானியை மட்டும் குறை சொல்வது நியாயமா? சீரான நிறத்துக்கு விலை கொடுத்தது சந்தை. சந்தை என்பது நாம்தானே!

பகட்டான சரக்கை வாடிக்கையாளர் ஒருமுறை வாங்குவார். சப்பென்று இருந்தால் மறுமுறை கடைப்படி ஏறமாட்டார். எனவே கொள்முதலின்போது ரகத்தின் பெயரைக் கேட்போம். ஒரு பழத்தைச் சுவைத்துப் பார்ப்போம். ருசியான சரக்குக்கு கிலோவுக்கு ஒரு ரூபாய் கூடக் கொடுக்கத் தயங்க வேண்டாம். வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை வல்லுநர்களை ஆண்டுக்கொரு முறை நம் சங்கக் கூட்டத்துக்கு அழைத்து, கடையில் நாம் காண்பதை அவர்களிடம் சொல்வோம். நாம் வாய் திறக்காவிட்டால், நாளைய பழம் தாங்கும், ஆனால் இனிக்காது.