காலைச் சோறு வந்தது, ஆசிரியர் எங்கே?

தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் 15-ல் 1,545 ஆரம்பப் பள்ளிகளில் துவங்கிய காலை உணவு, 2023 ஆகஸ்டில் அரசு ஆரம்பப் பள்ளிகள் அனைத்துக்கும் வந்தது. விடியுமுன் நடவுக்குப் போகும் தாய்க்கு அதன் அருமை தெரியும். வரவேற்றோம்.

ஆனால், சாப்பிட்ட பிள்ளைக்குப் பாடம் சொல்ல ஆள் வேண்டாமா? 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் இருந்தால் போதும் என்கிறது 2009-ம் வருஷக் கல்வி உரிமைச் சட்டம். வகுப்போ ஐந்து! ஒருவர் தலையில் மூன்று வகுப்பு. அவரும் பயிற்சிக்கோ கணக்கெடுப்புக்கோ போய்விட்டால்? சட்டத்தைத் திருத்து, வகுப்புக்கு ஓர் ஆசிரியர் கொடு என்பதே நம் கோரிக்கை.

அதே சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். நடப்பது என்ன? வேலை நேரத்தில் கூட்டம். போனால் கூலி போச்சு. பிறகு நோட்டு வீடு தேடி வருகிறது. படிக்காமலே கையெழுத்துப் போடுகிறோம். தப்பு நம் பேரிலும் இருக்கிறது, தோழர்களே!

அடுத்த கூட்டத்தை ஷிப்டும் வயல்வேலையும் முடிந்த நேரத்தில் வைக்கும்படி தலைமை ஆசிரியரிடம் இப்போதே கேளுங்கள். தாய்மார்கள் முன்வரிசையில் உட்காரட்டும். ஆசிரியர் போதாது என்பதைத் தீர்மானமாக எழுதவையுங்கள். எழுதியதை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்து.