கண்ணாடிக்குள் பூட்டிய கார்கள்

தருமபுரி நகரில் அண்மையில் ஒரு புதுமனை அர்ச்சிப்புக்குச் சென்றிருந்தோம். வரவேற்பறையில் திரு இருதய ஆண்டவர் படம். அதன் கீழே, படத்தைவிடப் பன்மடங்கு பெரிதாக, விளக்கொளி வீசும் கண்ணாடி அலமாரி. உள்ளே ஜாகுவார், மெர்சிடிஸ், வோக்ஸ்வாகன் பீட்டில் என ஐரோப்பியப் பழங்கார்களின் உலோக மாதிரிகள். அசலில் பதினெட்டில் ஒரு பங்கு; பீட்டில் ஒரு சாண் நீளம் இருக்கும். பல இன்னும் அட்டைப் பெட்டியை விட்டே வெளிவரவில்லை. பிரித்தால் மதிப்புக் குறைந்துவிடுமாம். கண்ணாடியில் மூக்கை அழுத்தி நின்ற பேரனுக்குக் கிடைத்தது ஒரே சொல்: "தொடாதே!"

இத்தகைய சேகரிப்பே வீண் ஆடம்பரம் என்று ஒதுக்குவோர் நம் பங்குகளில் உண்டு. அவர்களோடு நாம் உடன்படவில்லை. சிற்றுருவங்கள் செய்து மகிழ்வது திருச்சபைக்கு அந்நியமானதா? 1223இல் கிரேச்சோ மலையூரில் பெத்லகேமைக் கண்முன் நிறுத்திய புனித பிரான்சிஸ் அசிசியாரைப் பின்பற்றித்தானே ஆண்டுதோறும் குடில் கட்டுகிறோம்? நம் வழக்கு பொம்மையோடு அன்று, பூட்டோடு.

இக்கார்களின் பிறப்பை எண்ணிப் பார்ப்போம். தீப்பெட்டிக்குள் அடங்கும் விளையாட்டுப் பொருளை மட்டுமே கொண்டுவரலாம் என்பது இங்கிலாந்தில் ஒரு பள்ளியின் விதி. அங்குப் படித்த தம் மகளுக்காக ஜாக் ஓடெல் என்ற பொறிவல்லுநர் சின்னஞ்சிறு வண்டி ஒன்றைச் செய்தார். 1953இல் உலகறிந்த 'மேட்ச்பாக்ஸ்' வரிசை அதிலிருந்து முளைத்தது. லிவர்பூலின் 'டிங்கி' அச்சுகள் கல்கத்தாவுக்கு வந்து, 'நிக்கி' என்ற பெயரில் நம் நாட்டுப் பிள்ளைகளின் கைகளிலும் கார்கள் உருண்டன. பழைய மாதிரிகள் இன்று அரியவை என்றால், காரணம் என்ன? குழந்தைகள் ஆசைதீர உருட்டி, உடைத்துத் தீர்த்தார்கள். சேகரிப்பாளர் கொண்டாடும் விலையே அந்த விளையாட்டு தந்த கொடை!

"பாதுகாக்க வேண்டாமா?" என்பார்கள். பூட்டு எதைக் காக்கும்? துத்தநாகக் கலவையை உருக்கி எஃகு அச்சில் அழுத்தத்தோடு செலுத்தி வார்க்கப்படுபவை இவை. கலவையில் ஈயம் சிறிது கலந்திருந்தாலும் போதும். ஆண்டுகள் செல்ல உலோகம் உள்ளிருந்தே வெடித்து உதிரும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டிங்கி கார்கள் பல, எவர் கையும் படாமலே இவ்வாறு பொடிந்தன. அந்துப்பூச்சியையும் துருவையும் பற்றி ஆண்டவர் எச்சரித்ததை அறிந்த நமக்கு இது புதுச் செய்தியா?

அந்தத் தாத்தா கதவைத் திறந்திருந்தால் சொல்லச் செய்தி எவ்வளவோ உண்டு. 2014 வரை உற்பத்தியான அம்பாசடர், மோரிஸ் ஆக்ஸ்போர்டின் வழித்தோன்றல். பத்மினி, பியட் 1100இன் வாரிசு. சென்னைக்கு அருகில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, ட்ரையம்ப் ஹெரால்டின் இந்திய வடிவம். பேரன் கையில் ஒரு காரைக் கொடுத்துச் சொன்னால், அவர் வாழ்ந்த காலமே அச்சிறுவனுக்குக் கிடைத்திருக்கும். கோவையில் 2015இல் திறக்கப்பட்ட ஜீடி கார் அருங்காட்சியகத்தில் அசல் பழங்கார்களையே ஊரார் அருகில் நின்று பார்க்கிறார்கள். ஒரு சாண் பொம்மைக்கு இத்தனை காவலா?

நுங்குக் குரும்பையைச் சக்கரமாக்கி வண்டி ஓட்டிய தலைமுறை நாம். நம் வண்டிகள் இரண்டு நாளில் வாடிப்போகும். மூன்றாம் நாள் புதிதாய்ச் செய்வோம்.

கிறிஸ்து பிறப்புக் குடிலில் ஆடுகளுக்கும் ஒட்டகங்களுக்கும் இடையே தம் காரையும் நிறுத்திவைக்காத குழந்தை நம் இல்லங்களில் ஏது? இந்த டிசம்பரில் பீட்டிலை மட்டுமாவது பேரனிடம் குடிலுக்குக் கொடுங்கள் என்று அவ்வீட்டாரிடம் கேட்டோம். யோசித்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறார்கள்.